இறுதியாண்டு புராஜெக்டுக்கு எஸ்எஸ்ஏடிஎம்மா, ஸ்க்ரமா?

எம்சிஏ கடைசி செமஸ்டரில், ஜீரோத் ரிவ்யூவுக்கு முந்தைய வாரம், வகுப்பில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்: மெத்தடாலஜி அத்தியாயத்தில், அதாவது மென்பொருளை எந்த முறையில் உருவாக்கினோம் என்று சொல்லும் இடத்தில், என்ன எழுதுவது? பெரும்பாலும் சீனியரின் ரிப்போர்ட்டிலிருந்து ஒரு படம் புது ரிப்போர்ட்டுக்குக் குடிபெயரும். தலைப்பில், சிறிது சிறிதாகக் கட்டிக் காட்டித் திருத்தும் அஜைல் என்று இருக்கும். உள்ளே தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று, ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்ற வாட்டர்ஃபாலாகவே அத்தியாயங்கள் இறங்கும். ஒரு தாள் முழுக்கப் படித்துத் தேர்வும் எழுதிய விஷயத்தை, கையில் எடுத்துச் செய்து பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இந்தப் புராஜெக்ட்தான். அதை இப்படி விடுவது எனக்கு அப்போதும் வருத்தம், இப்போதும் வருத்தம்.

2022-இல் நான் எடுத்தது எஸ்எஸ்ஏடிஎம் (ஸ்ட்ரக்சர்டு சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் அண்ட் டிசைன் மெத்தட்), நிரல் எழுதும் முன்பே எல்லாவற்றையும் படங்களாக வரைந்து ஆராயும் முறை. பக்கத்து பெஞ்சில் இருந்த தோழியும் அவளுடைய பார்ட்னரும் அஜைல் வகையைச் சேர்ந்த ஸ்க்ரம் எடுத்தார்கள். நான்கு மாதம் இரண்டையும் அருகருகே பார்த்தேன். தனியாகப் புராஜெக்ட் செய்யப்போகும் மாணவர் என்னிடம் கேட்டால் எஸ்எஸ்ஏடிஎம்மைத்தான் சொல்வேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பாடத்தில் இருப்பதுதான். எஸ்எஸ்ஏடிஎம் பிரிட்டன் அரசின் கணினி முகமையான சிசிடிஏவுக்காக எல்பிஎம்எஸ் என்ற ஆலோசனை நிறுவனம் உருவாக்கியது. 1983 முதல் அங்கே அரசு புராஜெக்டுகளுக்குக் கட்டாயமாக இருந்தது. சாத்திய ஆய்வில் தொடங்கி பிசிக்கல் டிசைனில் முடியும் ஏழு கட்டங்கள். ஸ்க்ரமை கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் 1995-இல் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். 2001-இல் பதினேழு பேர் கூடி அஜைல் அறிக்கையை வெளியிட்ட பிறகுதான் அது ஊரெங்கும் பரவியது. ஒரு மாதத்துக்கு மிகாத ஸ்பிரின்ட் என்ற வேலைச் சுற்று, தினமும் கால் மணி நேரச் சந்திப்பு, ஸ்பிரின்ட் முடிவில் வேலை செய்யும் மென்பொருளைக் காட்டிக் கருத்துக் கேட்பது. முதலாவதில் காகிதம் அதிகம், இரண்டாவதில் காகிதம் குறைவு. இது எல்லோருக்கும் தெரியும், இதை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

நான் பார்க்கச் சொல்வது வேறு ஒன்று. நாம் புரிந்துகொண்டதில் தவறு இருக்கும், கட்டாயம் இருக்கும். அந்தத் தவறு யார் கண்ணில், எப்போது படும்?

ஸ்க்ரமில் அதற்கான இடம் ஸ்பிரின்ட் ரிவ்யூ. பயன்படுத்தப்போகிறவர் வந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்து, “இப்படி இல்லீங்க” என்று சொல்ல வேண்டும். அவர் வந்தால் இதைவிட நல்ல முறை கிடையாது. மாணவர் புராஜெக்டுக்கு அவர் வருவதில்லை. தோழி எடுத்தது ஒரு கல்யாண மண்டபத்தின் முன்பதிவு. தை, மாசி முழுக்க முகூர்த்தம். உரிமையாளருக்கு மூச்சுவிட நேரமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரிவ்யூ நடந்தது, ஆனால் அவளும் பார்ட்னரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். பேக்லாக்கில், அதாவது செய்ய வேண்டியவற்றின் பட்டியலில், இருந்த எல்லாமே அவர்கள் இருவரும் ஊகித்து எழுதியவை. ஏப்ரலில்தான் உரிமையாளர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். “முன்பணம் வாங்காம பென்சில்ல குறிச்சு வைப்போமே, அது எங்கம்மா?” என்றார். மூன்று நாள் தேதியைப் பிடித்துவைத்து, பையன் வீட்டார் சரி என்ற பிறகு பணம் வாங்குவது அந்த மண்டபத்தின் வழக்கம். அவர்கள் டேட்டாபேஸில் முன்பணம் இல்லாத முன்பதிவுக்கு இடமே இல்லை. கடைசி வாரம் டேபிள்களைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். இதில் ஸ்க்ரமைக் குறை சொல்ல மாட்டேன். முதல் ஸ்பிரின்டிலேயே அவர் வந்திருந்தால் முதல் ஸ்பிரின்டிலேயே தெரிந்திருக்கும். அந்த முறை எதை நம்பி நிற்கிறதோ, அது மாணவரிடம் இல்லை.

என் புராஜெக்ட் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கூட்டுறவு கடன் சங்கத்தின் நகைக்கடன். செயலாளரை நான்கு மாதத்தில் மூன்று முறைதான் சந்திக்க முடிந்தது. மார்ச்சில் கணக்கு முடிப்பு என்பதால் அந்த மாதம் போகவே இல்லை. ஆக, கையில் மூன்று சந்திப்புகள். அந்த மூன்றிலும் சரியான கேள்வியோடு போக வேண்டும். கேள்வியை எனக்கு எடுத்துக்கொடுத்தது எஸ்எஸ்ஏடிஎம்.

எப்படி என்றால், அது ஒரே விஷயத்தை மூன்று பக்கத்திலிருந்து வரையச் சொல்கிறது. என்னென்ன தகவல் இருக்கிறது என்று டேட்டா மாடல். அது எங்கிருந்து எங்கே போகிறது என்று டிஎஃப்டி (டேட்டா ஃப்ளோ டயகிராம்). காலப்போக்கில் அதற்கு என்னென்ன நடக்கிறது என்று என்டிட்டி லைஃப் ஹிஸ்டரி. முதல் இரண்டை எல்லா ரிப்போர்ட்டிலும் பார்க்கலாம். மூன்றாவதை நான் ஒரு ரிப்போர்ட்டிலும் பார்த்ததில்லை. உண்மையில் மூன்றையும் கட்டிப்போடும் கயிறு அதுதான்.

அதை வரைவதற்கு முன் அட்டவணை மாதிரி ஒரு கட்டம் போட வேண்டும். இடப்பக்கம் என்டிட்டிகள், அதாவது நாம் தகவல் வைத்துக்கொள்ள வேண்டியவை: உறுப்பினர், கடன், நகை, ரசீது. மேலே நிகழ்வுகள்: அடகு வைத்தல், வட்டி கட்டுதல், மீட்டல். ஒவ்வொரு கட்டத்திலும், அந்த நிகழ்வால் அந்த என்டிட்டி உருவாகிறதா, மாறுகிறதா, நீங்குகிறதா என்று ஓர் எழுத்து. ஏ3 தாளில் பென்சிலால் போட்டேன். போட்டு முடித்ததும் தாளே பேச ஆரம்பித்தது.

நகை வரிசையில் உருவாவதற்கு ஒரு நிகழ்வு, நீங்குவதற்கு ஒரு நிகழ்வு. நடுவில் ‘மாறுகிறது’ என்பது ஒரு கட்டத்திலும் இல்லை. மூன்று வளையலும் ஒரு சங்கிலியும் வைத்தவர் சங்கிலியை மட்டும் எடுக்க வந்தால்? இரண்டாவது சந்திப்பில் கேட்டேன். “ஏம்மா, அது மாசாமாசம் வருமே. பாதி கட்டிட்டுப் பாதி நகையை எடுத்துப்பாங்க” என்றார் செயலாளர். முதல் சந்திப்பில் ஒரு மணி நேரம் பேசியபோது அவர் இதைச் சொல்லவே இல்லை. தினமும் செய்கிற வேலை என்பதால் அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை; எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அடுத்த கேள்வி இன்னும் பெரிது. என் படத்தில் நகை வெளியே போக ஒரே வழி, முழுப் பணமும் கட்டி மீட்பது. பணம் கட்டாமல் நகை சங்கத்தை விட்டுப் போக வழி உண்டா? உண்டு என்றார், இரண்டு வழி. ஒன்று ஏலம். இன்னொன்று தள்ளுபடி: 2021-இல் கூட்டுறவு சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. தகுதி உள்ளவர்களுக்கு உறுப்பினர் பணம் கட்டிய ரசீது இல்லாமலே நகை திரும்பிப் போகும். என் நிரலில் ரசீது இல்லாமல் நகையை விடுவிக்கும் வழியே கிடையாது.

ஏலத்தில் இன்னொரு முடிச்சு இருந்தது. ஏலத்தொகை கடனையும் வட்டியையும் விட அதிகமாக வந்தால் மீதி உறுப்பினருக்குப் போக வேண்டும். அப்படியானால் நகையின் கதை முடிந்த பிறகும் கடனின் கதை முடியவில்லை. நான் இரண்டையும் ஒரே நாளில் முடிகிறவையாக வைத்திருந்தேன். லைஃப் ஹிஸ்டரியில் கடனின் கிளையைத் தனியாக வரைந்து, முடிவுக்குக் கீழே வட்டக் குறியிட்ட மூன்று பெட்டிகள் போட்டேன்: மீட்பு, தள்ளுபடி, ஏலம். வட்டம் என்றால் இவற்றில் ஏதாவது ஒன்றுதான் நடக்கும். வட்டி கட்டுதலுக்கு நட்சத்திரக் குறி, அது திரும்பத் திரும்ப வரும். உறுப்பினர் இறப்பது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதால் அது வரிசைக்குள் அடங்கவில்லை; இணைக்கோடு போட்டுப் பக்கத்தில் வைத்தேன். இவ்வளவும் ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்னால்.

வழிகாட்ட சீனியர் இல்லை, வாராவாரம் வந்து பார்க்கும் வாடிக்கையாளர் இல்லை, கைடுக்கு இருபது புராஜெக்ட். அந்த நிலையில், என் தவறை என் கையில் இருக்கும் தாளே காட்டிக்கொடுத்தது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பகுதி மீட்பு என்ற ஒரு நிகழ்வு உள்ளே வந்ததும் கட்டம், லைஃப் ஹிஸ்டரி, டிஎஃப்டி, டேட்டா மாடல் நான்கையும் திருத்தினேன். மூன்று நாள் போனது. இரண்டாவது ரிவ்யூவில் வகுப்பில் பாதிப்பேர் ஓடும் திரையைக் காட்டினார்கள். என்னிடம் லாகின் பக்கம்கூட முடியவில்லை. பேனலில் ஒருவர் முகம் சுளித்தார். படம் மட்டும் காட்டினால் மதிப்பெண் குறையும் கல்லூரியாக இருந்தால், இந்த ஆபத்தை எடை போட்டுவிட்டே இறங்குங்கள்.

வேலைவாய்ப்பு என்று பார்த்தால் ஸ்க்ரமுக்கு எதிரே எஸ்எஸ்ஏடிஎம் நிற்கவே முடியாது. எந்த இன்டர்வியூவிலும் அந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை. ஸ்பிரின்ட், ஸ்டோரி பாயின்ட் எல்லாம் கேட்டார்கள். ஆனால் ஸ்க்ரமின் அதிகாரபூர்வ வழிகாட்டியின் 2020 பதிப்பு பதினைந்து பக்கம்கூட வராது. ஒரு மாலையில் படித்துவிடலாம். மீதியை வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே டீம் கற்றுக்கொடுத்துவிட்டது. ஒரு என்டிட்டி எப்போது பிறக்கிறது, எப்போது சாகிறது என்று உட்கார்ந்து யோசிக்க அந்த டீமில் யாரும் எனக்குத் தனியாக நேரம் ஒதுக்கித் தரவில்லை. கல்லூரியில் பழகியதால் இப்போதும் ஒரு ஸ்டோரி (பயனர் தேவை ஒன்றைச் சொல்லும் சிறு குறிப்பு) கைக்கு வந்தால் நோட்டில் அந்தக் கட்டத்தைப் போட்டுப் பார்க்கிறேன். நான் வேலை செய்திருப்பது ஆறு பேர் கொண்ட ஒரே டீமில், இரண்டு ஆண்டுகள். பெரிய நிறுவனங்களில் இது எப்படி என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை.

பாடத்தில் மூன்றாவதாக ஒன்று வரும்: லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செக்லாண்ட் வளர்த்த சாஃப்ட் சிஸ்டம்ஸ் மெத்தடாலஜி. பிரச்சினை என்ன என்பதிலேயே ஆளுக்கொரு கருத்து இருக்கும் இடத்துக்கு அது. 1992 அக்டோபரில் லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி அமைப்பு குலைந்தபோது, விசாரணை நிரல் பிழையோடு நிற்கவில்லை. அவசரப்பட்ட கால அட்டவணை, போதாத பயிற்சி, நிர்வாகத்துக்கும் ஊழியர்களுக்கும் இடையே இருந்த அவநம்பிக்கை எல்லாம் வெளியே வந்தன. அப்படிப்பட்ட இடத்தில் டிஎஃப்டி மட்டும் போதாது. நான் அதில் செய்து பார்த்தது ஒரே ஒரு ரிச் பிக்சர். சங்கத்தின் செயலாளர், நகை மதிப்பீட்டாளர், உறுப்பினர், தணிக்கையாளர் நால்வரையும், அவரவர் கவலையோடு, கார்ட்டூன் மாதிரி ஒரு பக்கத்தில் வரைவது. மதிப்பீட்டாளருக்கு நிகர எடைதான் முக்கியம், கல் எடையைக் கழித்தது. தணிக்கையாளர் மொத்த எடையையும் கேட்பார் என்பது அதை வரையும்போதுதான் உறைத்தது. அரை நாள் வேலை. முழு முறையையும் பின்பற்றியதில்லை என்பதால் அதற்கு மேல் பேச மாட்டேன்.

எஸ்எஸ்ஏடிஎம் எடுத்தால் அதன் ஏழு கட்டத்தையும் இழுத்துச் செல்ல வேண்டாம். நான் டெக்னிக்கல் ஆப்ஷன்ஸ் கட்டத்தை விட்டுவிட்டேன். இருப்பது ஒரு லேப்டாப், ஒரு மைஎஸ்க்யூஎல், அதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? டிஎஃப்டியில் இரண்டாம் நிலைக்குக் கீழே போகவில்லை. என்டிட்டிகளை எட்டுக்குள் வைத்துக்கொண்டேன், பதினைந்து ஆனால் அந்தக் கட்டம் கையை மீறிவிடும். எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று ரிப்போர்ட்டில் ஒரு பத்தி எழுதினேன். வைவாவில் எக்ஸ்டர்னல் அந்தப் பத்தியிலிருந்துதான் கேள்வியை ஆரம்பித்தார்.

மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்கிறீர்கள், பயன்படுத்தப்போகிறவர் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறார், ஹாஸ்டல் மெஸ் அல்லது பிளேஸ்மென்ட் செல் மாதிரி இடம் என்றால் தயங்காமல் ஸ்க்ரம் எடுங்கள். ஆனால் முதல் ரிவ்யூவுக்கு அவர் நேரில் வருவார் என்பதைத் தேதி போட்டு உறுதி செய்துகொண்ட பிறகு.