மொட்டை மாடியில் பச்சைக்கூரை போடப் போகிறீர்களா? எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. கரண்ட் இல்லை. அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே சீலிங்கிலிருந்து சொட்டத் தொடங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் டிகாஷன் நிறத்தில் தண்ணீர். மாடியில் கொட்டியிருந்த தேங்காய் நார்க்கழிவின் (கோகோபீட்) சாறு அது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கொடுத்துப் போட்ட பச்சைக்கூரை, முதல் பெரிய மழைக்கே வீட்டுக்குள் இறங்கிவிட்டது.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில். 2015 வெள்ளத்தில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வந்த பிறகு அம்மாவை மேல்மாடிக்கு மாற்றினோம். ஆனால் மே மாதம் அந்த அறையில் ராத்திரி பதினோரு மணிக்கும் மின்விசிறி அனல்தான் அடிக்கும். தளத்தின் மேல் மண் பரப்பிச் செடி வளர்த்தால் சூடு அறைக்குள் இறங்காது என்று கேள்விப்பட்டுத் தோட்டம் அமைக்கும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். சிங்கப்பூர், ஜெர்மனி என்று படமாகக் காட்டினார்கள். 600 சதுர அடி, 10 வருட கேரண்டி, எழுபது சதவீதம் முன்பணம். நம்பிக் கொடுத்தோம்.

தளம் தாங்குமா என்று என் கணவர் கேட்டார். "கோகோபீட் சார், பஞ்சு மாதிரி. சதுர அடிக்கு ஆறு கிலோதான் வரும்" என்றார்கள். வண்டியிலிருந்து இறக்கும்போது இருந்த எடை அது. மழையில் ஊறிய எடையை யாரும் சொல்லவில்லை, கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. போதாததற்கு, கொட்டியதில் பாதிக்கு மேல் செம்மண். பிறகு வந்து பார்த்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கலவை ஊறினால் கன மீட்டருக்கு 1,500 கிலோவாவது இருக்கும். அரை அடி உயரத்துக்குச் சதுர மீட்டருக்கு 225 கிலோ. ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்லும் சுமையே 150 கிலோதான். மொத்தத்தில் 12 டன்னுக்கு மேல் அம்மாவின் தலைக்கு மேல் நின்றிருக்கிறது. இதை எழுதும்போதுகூட எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

செடியிலும் ஏமாற்றம்தான். ஜெர்மனியில் தண்ணீரே ஊற்றாமல் வளர்கிறது என்று சீடம் வகைச் செடிகளை நட்டார்கள். கத்திரி முடிவதற்குள் முக்கால்வாசி போய்விட்டது. காய்ந்து போகவில்லை, அழுகிப் போனது. அது குளிர்ந்த ஊர்க் கூரைகளுக்குப் பழகிய செடி. இங்கே ராத்திரியிலும் 28, 29 டிகிரி, அதோடு புழுக்கம், வேரடியில் ஈரம் வடியாத கோகோபீட். எப்படிப் பிழைக்கும்? அப்புறம் 28,000 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு கொரியன் புல் விரித்தார்கள். அதற்குத் தினமும் இரண்டு வேளை தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் அது கட்டுமா?

நம் ஊர் வெக்கைக்குப் பச்சைக்கூரையே ஒத்துவராது என்று நான் சொல்ல வரவில்லை. சிங்கப்பூரும் வெயிலும் புழுக்கமுமான ஊர்தான். அங்கே தேசியப் பூங்கா வாரியம் 2009இல் மானியத் திட்டமே கொண்டுவந்தது. கூரைகள் நன்றாக நிற்கின்றன. அங்கே வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள்.

பொங்கல் முடிந்ததும் தெரிந்த கொத்தனார் ஒருவரை வைத்துப் பிரித்தோம். ஜமுக்காளத்தைச் சுருட்டுவதுபோலப் புல்லைச் சுருட்டினார். சாக்கடை நாற்றம். அரை அடி மண் நாலு விரல் உயரத்துக்கு இறங்கிப்போயிருந்தது. இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் கோகோபீட் மக்கிவிடும், மக்கினால் தூளாகிக் கீழே இறங்கும். அந்தத் தூளும் செம்மண் வண்டலும் சேர்ந்து, மண்ணுக்கு அடியில் விரித்திருந்த வடிகட்டித் துணியில் வழவழவென்று அப்பியிருந்தது. கொத்தனார் ஒரு மக் தண்ணீரை அந்தத் துணிமேல் ஊற்றினார். பத்து நிமிடம் அப்படியே நின்றது.

துணிக்குக் கீழே 600 சதுர அடிக்கும் டிரெயின் செல் (தண்ணீர் வடிய வைக்கும் பிளாஸ்டிக் தட்டு) போட்டதாக பில்லில் இருக்கிறது. கிடைத்தது கைப்பிடிச் சுவர் ஓரமாக இரண்டு அடி அகலத்துக்கு மட்டும், நாம் குனிந்து பார்த்தால் கண்ணில் படும் இடத்தில். மழைநீர்க் குழாய் வாய் இரண்டில் ஒன்றைச் சாக்கு போட்டு மூடி மேலேயே மண் கொட்டியிருந்தார்கள். தண்ணீர் இறங்காமலிருக்கத் தளத்தில் ஒட்டிய தார் ஷீட்டின் இணைப்பு இரண்டு விரல் அகலம்கூட இல்லை, கையால் இழுத்தால் உரிந்து வந்தது. வேர்த் தடுப்பு ஷீட் எங்கேயும் இல்லை. ஓர் இணைப்புக்குள் ஒரு அரசங்கன்று. மேலே மூன்றே இலை, கீழே வேர் ஒரு முழம் ஓடித் தட்டோட்டுக்கு அடியில் சுருக்கி (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புப் பூச்சு) வரை போயிருந்தது. கம்பி வரைக்கும் ஓதம் ஏறிவிட்டதாக இன்ஜினியர் சொன்னார்.

கேரண்டியைக் கேட்டால், ஒழுகுவது வாட்டர்ப்ரூஃபிங் ஆள் பொறுப்பு என்றது தோட்ட நிறுவனம். அவரைக் கூட்டிவந்ததும் அவர்கள்தான். அவரோ, ஷீட்டின் மேல் மண் கொட்டிவிட்டால் கேரண்டி செல்லாது என்றார். ஒப்பந்தத்தை அப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். பத்து வருடம் என்பது ஷீட்டின் தயாரிப்புக் குறைக்கு மட்டும். செடிக்கு 30 நாள்.

ஆகவே, தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். ஷீட் ஒட்டி முடித்ததும் மேலே ஒரு கூடை மண்கூடக் கொட்ட விடாதீர்கள். குழாய் வாயை அடைத்து, பாத்தி கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டு, கீழே சீலிங்கைப் பாருங்கள். எங்களுக்கு ஹோஸில் அரை மணி நேரம் பீய்ச்சிக் காட்டிவிட்டு "டெஸ்ட் ஓகே மேடம்" என்றார்கள். ஒவ்வோர் அடுக்கும் போடும்போது மாடி முழுக்க போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மண் கலவையில் உடைத்த செங்கல், சுட்ட களிமண் உருண்டை போல மக்காத பொருள்தான் பெரும்பங்கு இருக்க வேண்டும். குழாய் வாயைச் சுற்றி மண்ணே இல்லாமல் ஒரு அடிக்கு ஜல்லி, மேலே திறந்து பார்க்க ஒரு மூடி. நனைந்த எடையை எழுத்தில் வாங்கி, அவர்களுக்குச் சம்பந்தமில்லாத இன்ஜினியரிடம் காட்டுங்கள். ஒழுகினால் யார் பொறுப்பு என்பதற்கு ஒரே பெயர், ஒரே கையெழுத்து.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அதையும் கவனியுங்கள். பிரிக்கும்போது கொத்தனாரின் கையாள் தன் போனில் எடுத்த படங்கள்தான் எங்கள் ஆதாரம்.

இப்போது மாடியில் உத்தரத்துக்கு மேலாக 80 சதுர அடி மட்டும் மறுபடி போட்டிருக்கிறோம், அளந்து, தண்ணீர் கட்டிப் பார்த்து. டேபிள் ரோஸும் ரியோ செடியும் இரண்டு கத்திரியைத் தாண்டிவிட்டன. தானாக வந்த மூக்கிரட்டையை அம்மா பிடுங்க விடவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள். எங்களை மாட்டிவிட்ட வரிகளை அப்படியே அனுப்புகிறேன்.