சான் ஆண்ட்ரியாஸ்: வழி சொல்லாத வரைபடம், வழிமறிக்கும் மிஷன்கள்

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ (ஜிடிஏ) வரிசையில் வந்த வீடியோ கேம் சான் ஆண்ட்ரியாஸ் 2004 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2-க்கும் 2005 ஜூனில் கணினிக்கும் வந்தது. என் கைக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு. எக்ஸ்பி ஓடிய பழைய பெட்டி, மடிக்கணினி, ஃபோன், இப்போது விண்டோஸ் 11 என்று எல்லாம் மாறியும் இந்த ஒரு கேமை மட்டும் நான் விடவில்லை. ஜிடிஏ 5-ஐயும் விளையாடினேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேலை முடிந்து அரைமணி நேரம் சும்மா வண்டி ஓட்டலாம் என்று தோன்றினால் கை தானாகப் போவது பழையதற்குத்தான். கீபோர்டை உடைத்துவிடலாமா என்று யோசிக்க வைத்ததும் இதே கேம்தான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் கட்சி: இந்த கேம் யாரையும் கைபிடித்து அழைத்துப் போகாது. சாலையில் அது சுகம், கேம் நமக்குத் தரும் வேலைகளான மிஷன்களில் அது சித்திரவதை.

வரைபடத்தில் மூன்று நகரங்கள். லாஸ் ஏஞ்சலீஸை வைத்து லாஸ் சான்டோஸ், சான் பிரான்சிஸ்கோவை வைத்து சான் ஃபியரோ, லாஸ் வேகஸை வைத்து லாஸ் வென்ச்சுராஸ். நடுவில் வயல், காடு, மலை, பாலைவனம். போக வேண்டிய இடத்தில் ஒரு குறி வைத்துக்கொள்ளலாம். அது எந்தத் திசையில் இருக்கிறது என்பது மட்டும், திரையின் மூலையில் ரேடார் என்று இருக்கும் சின்ன வரைபடத்தின் ஓரத்தில் தெரியும். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டும் வசதி 2008-இல் ஜிடிஏ 4-இல்தான் வந்தது. இது குறைதானே என்று கேட்பார்கள். எனக்கு இதுதான் இந்த கேமின் உயிர். ஜிடிஏ 5-இல் என் கண் பாதி நேரம் கீழ்மூலையில் இருக்கும் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். வந்த தெருவில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இங்கே மல்ஹாலண்ட் மேட்டைத் தாண்டி வடக்கே இறங்கினால் டில்லிமோர் பெட்ரோல் பங்க் வரும், செங்குத்தான தெருக்களும் பனிமூட்டமும் வந்தால் அது சான் ஃபியரோ, சிவப்புப் பாலத்தைத் தாண்டினால் பாலைவனப் பக்கம் போய்விடலாம் என்று எல்லாமே அடையாளங்களாக மனதில் பதிந்துவிட்டன. நான் இதுவரை அமெரிக்கா போனதில்லை. ஆனாலும் ஃபோர்ட் கார்சனிலிருந்து வென்ச்சுராஸுக்கு எந்த வழி சீக்கிரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இந்த ஊரை ஒரேயடியாகத் திறந்துவிட மாட்டார்கள் என்பதும் நல்ல யோசனை. ஆரம்பத்தில் லாஸ் சான்டோஸும் அதை ஒட்டிய கிராமப்புறமும் மட்டும்தான். நிலநடுக்கத்தால் பாலங்கள் மூடியிருப்பதாகக் கதையில் சொல்வார்கள். மீறிக் கடந்தால் உடனே நான்கு ஸ்டார் (போலீஸ் எவ்வளவு தீவிரமாகத் தேடுகிறது என்பதன் அளவு) விழுந்து போலீஸ் துரத்தும். பல மணி நேரம் அந்தத் தெருக்களிலேயே சுற்றிய பிறகு, ‘கிரீன் சேபர்’ மிஷனின் முடிவில் நம்மை ஏஞ்சல் பைன் என்ற மூலையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பழகிய தெரு ஒன்றுமில்லை. மரம், சேற்றுப் பாதை, தலைக்கு மேல் சில்லியாட் மலை. கதையின் திருப்பங்களைவிட இந்த இட மாற்றம் எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

இவ்வளவு பெரிய உலகத்தை 32 எம்பி நினைவகம் கொண்ட பிளேஸ்டேஷன் 2-இல் எப்படி ஓட்டினார்கள் என்பது தனிக் கதை. தூரத்தில் இருப்பதை மங்கலான மூட்டத்தில் மறைத்தார்கள். நினைவகம் போதாததால் செய்த தந்திரம்தான், ஆனால் அதனாலேயே ஒரு நகரத்திலிருந்து அடுத்தது தெரியாமல், உண்மையிலேயே ஒரு மாநிலத்தைக் கடப்பது போன்ற மயக்கம் வந்தது. 2021-இல் புதுப்பித்து வெளியிட்ட டெஃபினிட்டிவ் எடிஷனில் அந்த மூட்டத்தை எடுத்துவிட்டார்கள். மலை உச்சியில் நின்றால் நகரங்கள் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. ‘அட, இவ்வளவு சின்ன இடமா இது?’ என்று ஆகிவிட்டது.

நினைவகப் பற்றாக்குறை இன்னொரு வேடிக்கையும் செய்யும். ஒரே நேரத்தில் சில வகை வண்டிகளைத்தான் கேம் ஏற்றி வைத்திருக்கும். நீங்கள் ஓட்டும் வண்டி எப்படியும் நினைவகத்தில் இருப்பதால் தெருவிலும் அதையே இறக்கிவிடும். சுல்தான் கார் வேண்டும் என்று ஊரெல்லாம் தேடி அலைந்து, கடைசியில் ஒன்றைப் பிடித்து ஏறினால், அடுத்த சிக்னலில் எதிரே இன்னும் இரண்டு சுல்தான் நிற்கும்.

இருநூறுக்கு மேற்பட்ட வண்டிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சாஞ்சஸ் பைக் மலையேறும். என்ஆர்ஜி-500 பைக் கண்மூடித் திறப்பதற்குள் நம்மைச் சுவரில் அறையும். லைன்ரன்னர் லாரியைப் பின்னால் எடுத்து டிரெய்லரில் சரியாகக் கோர்ப்பதே ஒரு வேலை. நாம் ஆடும் நாயகன் சிஜேயின் ஓட்டும் திறனும் ஓட்ட ஓட்டக் கூடும், வண்டி நம் பேச்சைக் கேட்கத் தொடங்கும். சைக்கிள் மிதித்தால்கூட அதற்குத் தனித் திறன் கணக்கு உண்டு. பழகப் பழக அவன் சைக்கிளோடு இன்னும் உயரமாகத் துள்ளுவான்.

கணினிக்காரர்களுக்கு இதில் கூடுதல் லாபம் ஒன்று. எல்லா வண்டிகளின் குணமும் டேட்டா ஃபோல்டரில் ஹேண்ட்லிங்.சிஎஃப்ஜி என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் வரிசை வரிசையாக இருக்கும். எடை, சக்கரப் பிடி, பிரேக், ஸ்பிரிங் எல்லாம் எண்கள்தான். நோட்பேடில் திறந்து மாற்றிக்கொள்ளலாம். ஒரு வண்டி ஏன் வளைவில் வால் வீசுகிறது, இன்னொன்று ஏன் சீக்கிரம் கவிழ்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்தக் கோப்பை நோண்டித்தான். பஸ்ஸின் எடையைக் குறைத்துப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுதுக்கு அதுவே போதும்.

ரேடியோவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாலைவனத்தில் கே-ரோஸின் கிராமியப் பாட்டு, ஊருக்குள் ரேடியோ லாஸ் சான்டோஸின் ஹிப் ஹாப் என்று இடத்துக்கு ஏற்ற ஸ்டேஷன்களை அடுக்கியிருப்பார்கள். அதைவிட, யூசர் டிராக்ஸ் என்ற ஃபோல்டரில் நம் எம்பி3 பாட்டுகளைப் போட்டால் அதுவும் ஒரு ஸ்டேஷனாகிவிடும். சிஜேயின் கிரோவ் தெருவில், தாழ்வாக அமைத்த லோரைடர் காரை ஹைட்ராலிக்ஸில் குலுக்கிக்கொண்டு தமிழ்க் குத்துப்பாட்டு கேட்டவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

சரி, எரிச்சலுக்கு வருவோம்.

மிஷன் நடுவில் தோற்றால் அந்த இடத்திலிருந்து தொடர முடியாது. செத்தால் மருத்துவமனை, பிடிபட்டால் போலீஸ் ஸ்டேஷன்; இரண்டிலும் ஆயுதம் எல்லாம் போய்விடும். மறுபடி துப்பாக்கி வாங்க வேண்டும், மறுபடி மிஷன் கொடுப்பவர் வீட்டுக்கு ஓட்ட வேண்டும், மறுபடி அதே வசனங்களைக் கேட்டபடி சண்டை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். சேவ் செய்யவும் வீட்டுக்குத்தான் வர வேண்டும். ஊரின் சாலைகள் மனப்பாடம் ஆனதில் இந்தத் தண்டனைப் பயணங்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். அதற்காக அதை நல்ல வடிவமைப்பு என்று சொல்லிவிட முடியாது.

எல்லாரும் திட்டும் ரயில் மிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் கூரையில் நிற்கும் வேகோஸ் கும்பலைப் பின்சீட்டில் இருக்கும் சிஜேயின் கூட்டாளி பிக் ஸ்மோக் சுட வேண்டும். நாம் சாஞ்சஸை ஓட்டினால் போதும். ரயிலை ஒட்டிப் போனால் அவன் குண்டெல்லாம் பெட்டியில்தான் படும். சற்றுத் தள்ளி இணையான பாதையில் ஓட்டினால்தான் கூரையில் நிற்பவனைக் குறிபார்க்க முடியும். இதை கேம் எங்கேயும் சொல்லாது. தோற்ற பிறகு நம்மீதே பழி போட்டு அவன் திட்டுவதுதான் கொடுமை. உலகமெங்கும் அது மீம் ஆனதற்கு அந்த ஆத்திரம்தான் காரணம்.

ஆனாலும் ரயில் மிஷனில் ஒரு நியாயம் இருக்கிறது: வண்டி ஓட்டத் தெரிந்தால் ஜெயிக்கலாம். ஜீரோ என்ற பொம்மைக் கடைக்காரனின் ‘சப்ளை லைன்ஸ்’ மிஷனில் அதுவும் கிடையாது. ரிமோட் விமானத்தை வைத்துக்கொண்டு, எரிபொருள் தீர்வதற்குள் ஊரில் சிதறியிருக்கும் கூரியர் ஆட்களை ஒழித்துவிட்டுக் கடை மாடிக்குத் திரும்ப வேண்டும். கீபோர்டில் அந்த விமானம் பேய் பிடித்த தும்பி மாதிரி அலையும். நல்லவேளை, ஜீரோவின் மிஷன்கள் கதைக்குக் கட்டாயமில்லை. விமானப் பள்ளியோ கட்டாயம். பாலைவனத்தில் இருக்கும் வெர்டன்ட் மெடோஸ் விமானதளத்தில் பாடங்களை முடித்தால்தான் கதை நகரும். வண்டி ஓட்டுகிற கேம் என்று நினைத்து வந்தவர்கள் பலர் அங்கேயே மூட்டையைக் கட்டிவிட்டார்கள்.

சான் ஃபியரோவின் டோஹர்ட்டியில் இருக்கும் கார் ஓட்டும் பள்ளியை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. 12 தேர்வுகள். 70 மதிப்பெண்ணுக்கு வெண்கலம், நூற்றுக்கு நூறு எடுத்தால் தங்கம். நகரத்தின் மறுமுனைக்குப் போய், வண்டியில் கீறல் விழாமல், நேரத்துக்குள் திரும்பும் கடைசித் தேர்வு பலரைப் படுத்தியிருக்கிறது. ஆனால் தோற்றால் அடுத்த நொடியே மறுபடி முயலலாம். எந்த இடத்தில் பிசகியது என்பதும் தெளிவாகத் தெரியும். மற்ற மிஷன்களையும் இப்படியே வைத்திருக்கலாமே என்று அங்கே ஒவ்வொரு முறையும் தோன்றும்.

போக்குவரத்தைப் பற்றி ஒரு புலம்பல். நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போகும்போது, முன்னால் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கார் சரியாக நாம் நெருங்கும் நொடியில் நம் பாதைக்குத் திரும்பும். இண்டிகேட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. போலீஸ் வண்டியை லேசாக உரசினாலும் ஒரு ஸ்டார். அவர்கள் நம்மை இடித்தால் கேட்பாரில்லை. அடிபட்டவரைப் பிழைக்க வைக்க வேகமாக வரும் ஆம்புலன்ஸ் வழியில் இன்னும் இரண்டு பேரை ஏற்றிவிட்டு வரும். இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கலாம், ஒரு நீண்ட மிஷனின் கடைசி நிமிடத்தில் நடக்காதவரை.

கதை 1992-இல் நடக்கிறது. அம்மா கொல்லப்பட்ட செய்தி கேட்டு ஊர் திரும்பும் சிஜேயை, டென்பென்னி என்ற ஊழல் போலீஸ்காரன் முதல் நாளிலேயே மடக்குகிறான். சாமுவேல் எல். ஜாக்சன் குரல் கொடுத்த பாத்திரம். கடைசியில் அவன் விடுதலையாக, நகரமே பற்றி எரிகிறது. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களை நீதிமன்றம் விடுவித்ததும் 1992 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலீஸில் வெடித்த கலவரத்தின் சாயல் அது. இந்தப் பகுதி இன்றும் கனமாகவே இருக்கிறது. சிஜேயின் காதலிகள் விஷயம் அப்படியில்லை. இஷ்டமான சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் சதவீதம் ஏறும் என்ற கணக்கைத் தவிர அந்தப் பெண்களுக்குக் குணமே வைக்கவில்லை. அப்புறம், நாம் சண்டையிட்டு ஜெயித்த தெருக்களை எதிரிக் கும்பல் தாக்குகிறது என்று ஊரின் மறுகோடியில் இருக்கும்போது வரும் செய்தி. அதை நான் கண்டுகொள்வதே இல்லை.

கணினிப் பதிப்பை இன்று ஓட்டுவதற்குப் பொறுமை வேண்டும். நொடிக்கு இத்தனை படம் (ஃபிரேம்) என்று கட்டுப்படுத்தும் ஃபிரேம் லிமிட்டரை அணைத்தால் காட்சி வழவழப்பாகும், ஆனால் சிஜே தண்ணீரில் நத்தை வேகத்தில் நீந்துவான். இயக்கக் கணக்குகள் ஃபிரேம் வேகத்தோடு பிணைந்திருப்பதுதான் காரணம். 2005-இல் கேமுக்குள் மறைத்து விட்டிருந்த ‘ஹாட் காஃபி’ ஆபாசப் பகுதியை மாட் (கேமில் ரசிகர்கள் செய்யும் மாற்றம்) செய்பவர்கள் திறந்து காட்ட, அமெரிக்காவில் வயது வந்தோருக்கு மட்டும் என்ற முத்திரை விழுந்தது. அடுத்து வந்த பதிப்பில் மாட் போடும் வழிகளை அடைத்தார்கள். அதனால்தான் இன்றும் 1.0 பதிப்பையே எல்லாரும் தேடுகிறார்கள். 2014-இல் வந்த ஒரு புதுப்பிப்பில் உரிமம் தீர்ந்த பாட்டுகள் ரேடியோவிலிருந்து காணாமல் போயின.

இத்தனைக்கும் மருந்து ரசிகர்களிடம்தான் இருக்கிறது. சைலண்ட்பேட்ச் என்ற இலவசத் திருத்தம் நீச்சல் முதல் மவுஸ் வரை பலவற்றைச் சரிசெய்கிறது. அதை எழுதியவர் 2025-இல் கண்டுபிடித்த ஒரு பிழை எனக்கு மிகவும் பிடித்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2 புதுப்பிப்புக்குப் பிறகு ஸ்கிம்மர் என்ற நீர்விமானம் கேமிலிருந்து மறைந்துவிட்டது. இதற்கு முந்தைய ஜிடிஏ கேமான வைஸ் சிட்டியில் ஸ்கிம்மரைப் படகு வகையில் வைத்திருந்தார்கள். படகுக்குச் சக்கர அளவு எதற்கு? சான் ஆண்ட்ரியாஸில் அதை விமான வகைக்கு மாற்றியபோது சக்கர அளவு எண்களைச் சேர்க்க விட்டுவிட்டார்கள். எண் இல்லாத இடத்தில், நினைவகத்தில் முந்தைய வண்டி விட்டுப்போன எண்ணையே கேம் எடுத்துக்கொண்டது. இருபது வருடம் அந்த அதிர்ஷ்டத்தில் பறந்த விமானம், விண்டோஸ் உள்ளே ஏதோ மாறியதும் மாட்டிக்கொண்டது.

புதிதாக விளையாட நினைப்பவர்கள் எதை எடுப்பது? கதைதான் முக்கியம் என்றால் டெஃபினிட்டிவ் எடிஷன் பரவாயில்லை. தோற்ற மிஷனை உடனே திரும்பத் தொடங்கலாம், வரைபடத்தில் வழியும் காட்டும். வெளிவந்தபோது இருந்த அலங்கோலத்தை ஓரளவு திருத்தி, 2024 கடைசியில் பழைய வெளிச்சத்தையும் மூட்டத்தையும் மீட்டுக் கொடுத்தார்கள். ஃபோன் பதிப்பு பஸ் பயணத்துக்குச் சரி, ஆனால் தொடுதிரையில் விமானப் பள்ளியை முயலவே வேண்டாம். சாலைக்காக விளையாடுபவர்கள் பழைய கணினிப் பதிப்பையே எடுத்து, சைலண்ட்பேட்ச் போட்டு, முடிந்தால் ஒரு கேம்பேடும் வாங்கிக்கொள்ளுங்கள். மாட் எதையும் போடும் முன் டாக்குமெண்ட்ஸில் இருக்கும் யூசர் ஃபைல்ஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வையுங்கள். சேவ் எல்லாம் அதில்தான் இருக்கும்.