பழைய அம்பாசிடர்: அதே 4 கியர் பெட்டியைச் சரிசெய்வதா, இசுசு 5 கியருக்கு மாறுவதா?

பழைய அம்பாசிடரில் கியர் பெட்டி இரைய ஆரம்பித்தால் முன்னால் மூன்று வழி இருக்கிறது. இருக்கிற 4 கியர் பெட்டியையே பிரித்துச் சரிசெய்யலாம். உடைத்து விற்ற வண்டியிலிருந்து அதே மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டலாம். இல்லையென்றால், 1990-களின் தொடக்கத்தில் அம்பாசிடர் 1800 ஐஎஸ்ஜெட்டில் வந்த இசுசு 5 கியருக்கு மாறிவிடலாம். எங்கள் வீட்டு வண்டி 1972 மாடல் மார்க் 2. 1489 சிசி பெட்ரோல், ஸ்டியரிங் கியர் (கியர் லீவர் ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே இருக்கும்). நாங்கள் முதல் வழியில்தான் போனோம், அதில் முழுத் திருப்தி. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். நாகர்கோவிலில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் ஆசான் முதலில் கேட்டது, "நாலாவது போட்டா சத்தம் நிக்குதா?" என்றுதான். நாலாவது கியரில் எஞ்சின் சுழற்சி நேராகப் பின்னால் போய்விடும். மற்ற கியர்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் துணைத் தண்டான லே ஷாஃப்ட் அப்போது சும்மா சுற்றுமே தவிர சுமை தாங்காது. ஒன்று, இரண்டு, மூன்றில் இரைந்து நாலில் அடங்கினால் கோளாறு லே ஷாஃப்டிலும் அதன் பேரிங்கிலும்தான். வண்டி நின்றபடி நியூட்ரலில் கரகரத்து, கிளட்சை மிதித்ததும் நின்றால், கிளட்ச் பிளேட்டோடு சேர்ந்து சுற்றும் பெட்டியின் முன்பக்க பேரிங்கைச் சந்தேகப்படலாம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் என்றால், கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். அதற்குக் கியர்களைப் பிரிக்கவே வேண்டாம்.

இன்னொன்று. ஸ்டியரிங் கியர் வண்டியில் கியர் சரியாக விழாததற்குப் பல சமயம் பெட்டி காரணமே இல்லை. லீவரிலிருந்து பெட்டிவரை வரும் இணைப்புகளில் புஷ் தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கும். அதை மாற்றிப் பார்க்காமல் பெட்டியை இறக்கச் சொல்லாதீர்கள். முதல் கியருக்குச் சின்க்ரோ (பற்கள் உரசாமல் விழ வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி உருளும்போது முதல் கியர் போட்டால் புதுப் பெட்டியிலும் கடகடவென்றுதான் கேட்கும். அது பழுது அல்ல.

சரி, 5 கியரின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1817 சிசி இசுசு எஞ்சினும் அதோடு வந்த பெட்டியும் அம்பாசிடருக்குக் கிடைத்த நல்ல ஜோடி. ஃப்ளோர் கியர் பழக எளிது. மார்த்தாண்டம் சந்தை நாளில் நகர்ந்து நகர்ந்து போகும்போது முதல் கியரில் சின்க்ரோ இருப்பது பெரிய நிம்மதி. காவல்கிணறு தாண்டித் திருநெல்வேலி நாலுவழிச் சாலையில் ஏறினால், ஐந்தாவது கியரில் எஞ்சின் இரைச்சல் குறைவதை உட்கார்ந்திருப்பவர்களும் உணர்வார்கள். நண்பர் ஒருவரின் மாற்றிய வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், சுகமாகத்தான் இருந்தது. ஆனால் பல வருஷம் வைத்துப் பராமரித்த அனுபவம் எனக்கில்லை. நீண்டகால உழைப்பைப் பற்றி அவரைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் ஐந்தாவது கியருக்கு எங்கே வேலை? நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை ஊர் முடிந்து ஊர் தொடங்கும் இடமே தெரியாது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை பக்கம் போனால் ஏற்றமும் வளைவும்தான், அங்கே இரண்டும் மூன்றும் போதும். வண்டியை அடிக்கடி மதுரை, கோவை என்று ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

என் முடிவைத் தீர்மானித்தது இது எதுவும் இல்லை. கிளட்ச்தான். கியர் பெட்டியை ஒழுங்காகச் செய்தால் பல வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். கிளட்ச் அப்படி இல்லை, தேய்வதற்கென்றே இருக்கிற சாமான் அது. ஏற்றத்தில் பாதி கிளட்சில் நிறுத்தி ஓட்டுகிற ஊரில் இன்னும் சீக்கிரம் தேயும். அதனால் எந்தப் பெட்டி என்று யோசிக்கும்போது, அடுத்த தடவை கிளட்ச் மாற்றும் நாளை நினைத்து யோசிக்க வேண்டும்.

பழைய எஞ்சினில் இசுசு பெட்டியை மட்டும் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் போல்ட் துளைகள் ஒத்துவராது, நடுவில் லேத்தில் செய்த அடாப்டர் தகடு வேண்டும். கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் இசுசு ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும், வெளிவட்டம் பழைய ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்த வேண்டும். ஆக, ஒன்றின் நடுவையும் இன்னொன்றின் வட்டத்தையும் சேர்த்து ரிவெட் அடித்த பிளேட் ஒன்று தயாராகும். கிராங்க் முனையில் ஷாஃப்ட் நுழையும் புஷ்ஷைத் தனியாகக் கடைய வேண்டும். ரிலீஸ் பேரிங் எட்டும் தூரத்தையும் சரிக்கட்ட வேண்டும். ஸ்டியரிங் கியருக்கு விடை கொடுத்து ஃப்ளோரை வெட்ட வேண்டும், பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளமும் மாறும். அடாப்டர் மயிரிழை விலகினாலும் கிளட்ச் விடும்போது வண்டி உதறும், புஷ் தேயும், பேரிங் போகும்.

இவ்வளவையும் நன்றாகச் செய்யக்கூடிய லேத்காரர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அளவுகள் ஒருவர் நோட்டில் மட்டும்தான் இருக்கும். அடுத்த முறை பிளேட் தேயும்போது அவர் இல்லையென்றால்? கடையில் போய் எந்த வண்டிக்கு என்று கேட்பது? பழைய 4 கியருக்கோ, "அம்பாசிடர் பெட்ரோல், பழைய மாடல்" என்றால் போதும். 2014-ல் மேற்கு வங்க உத்தர்பாரா ஆலையில் தயாரிப்பு நின்றுவிட்டது உண்மைதான். ஆனால் இத்தனை காலம் ஓடிய வண்டி என்பதால் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் இன்னும் பழைய கடைகளில் கிடைக்கின்றன. சென்னை புதுப்பேட்டை வரை போனால் பெட்டிச் சாமானும் அகப்படும். விற்கும்போதும் இதே கதைதான். பழைய வண்டி தேடி வருகிறவர் முதலில் கதவைத் திறந்து லீவர் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்.

எஞ்சினையும் சேர்த்து மாற்றினால் அடாப்டர் தொல்லை இல்லை. ஆனால் அப்புறம் ஆர்சி புத்தகத்தின் தொல்லை இருக்கிறது. எஞ்சின் எண் மாறுவதால் ஆர்டிஓ அனுமதி வேண்டும். 2021-ல் வந்த விண்டேஜ் விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது என்பதால் நாங்கள் இன்னும் போகவில்லை, ஆனால் அந்தக் கதவை மூடிக்கொள்ள மனமில்லை.

பெட்டியைப் பிரித்தபோது பக்கத்திலேயே இருந்தேன். வடித்த எண்ணெயில் பித்தளைத் துகள் மின்னியது, சின்க்ரோ ரிங் தேய்ந்த தூள். ஆசான் லே ஷாஃப்டை உருவித் துடைத்து என் கையில் கொடுத்து, நகத்தால் வருடச் சொன்னார். கண்ணுக்கு வழவழவென்று தெரிந்த இடத்தில் நகம் தட்டியது. ஊசி ரோலர் உட்காரும் இடத்தில் குழி விழுந்திருந்தது. அப்படி விழுந்த ஷாஃப்டில் புது ரோலர் போட்டுப் பயனில்லை, இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது ரோலர்களைக் கிரீஸில் ஒட்டவைத்து, சற்றே குட்டையான பொய் ஷாஃப்ட் ஒன்றைச் செருகி, அப்புறம் உண்மையான ஷாஃப்டால் அதை வெளியே தள்ளினார். ஒரு ரோலர்கூட நழுவவில்லை.

பெட்டி கீழே இருக்கும்போதே கிளட்ச் செட்டையும் மாற்றிவிடுங்கள். இறக்கும் கூலி மிச்சம். ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டு இருந்தால் லேத்தில் லேசாகச் சீவ வேண்டும். பழைய பிளேட்டில் எண்ணெய் நனைந்திருந்தால் எஞ்சின் பின்பக்க ஒழுக்கையும் பாருங்கள், இல்லாவிட்டால் புதுப் பிளேட்டும் நனையும். ரிலீஸ் பேரிங் கார்பன் வகை என்பதால் ஓட்டும்போது பெடலில் கால் வைத்திருக்கும் பழக்கம் ஆகாது. கியர் எண்ணெய் டப்பாவில் தரம் போட்டிருக்கும்; பெட்டிக்கு ஜிஎல்-5 எண்ணெயைத் தவிர்த்து ஜிஎல்-4 கேளுங்கள். ஜிஎல்-5-இல் அதிகம் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை ரிங்கை அரிக்கக்கூடும். குளச்சல், முட்டம் பக்கம் கடல்காற்றில் நிற்கும் வண்டியை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது எடுத்து ஓட்டுங்கள். சும்மா நின்றால் துரு ஏறிப் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது வழிக்கு, அதாவது அதே மாதிரிப் பழைய பெட்டி வாங்க, இரண்டே காரணம்தான்: உங்கள் பெட்டியின் கூடு விரிசல் விட்டிருந்தால், அல்லது மெயின் ஷாஃப்ட் பற்கள் உடைந்திருந்தால். அப்போதும் வாங்கும் பெட்டியை அப்படியே மாட்டாதீர்கள். மூடியைக் கழற்றிப் பற்களின் முனை மழுங்கியிருக்கிறதா என்று பார்த்து, எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்து, லே ஷாஃப்டை உருவி நகம் வைத்துப் பார்த்த பிறகு விலை பேசுங்கள். அந்தக் கூட்டில் உங்கள் பெட்டியின் நல்ல கியர்களைப் போட்டுக்கொள்ள முடியுமா என்றும் ஆசானிடம் கேளுங்கள். எங்கள் பழைய பெட்டியில் தேறிய சாமான்களை நான் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருப்பது அதற்காகத்தான்.