ஈஸ்ட்டில் வாக்குவோலுக்கு இரண்டு வழிகள்

ஈஸ்ட் செல்லில், புரதங்களைப் பிரித்து அனுப்பும் கால்கி உறுப்பிலிருந்து, கழிவைச் சிதைக்கும் பையான வாக்குவோலுக்குப் போகும் சவ்வுப் புரதங்களுக்கு இரண்டு பாதைகள் உண்டு: எண்டோசோம் என்ற இடைநிலைப் பை வழியாகச் சுற்றிப் போவது ஒன்று, அதைத் தொடாமல் நேராகப் போவது இன்னொன்று.

நேர்ப்பாதை எளிது. ஏஎல்பி என்ற பாஸ்பட்டேஸ் நொதி இதில்தான் போகிறது. சைட்டோசோலில் (செல்லின் உள்திரவத்தில்) நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வாலில் உள்ள சிறு குறியை, சரக்கைத் தேர்ந்தெடுக்கும் ஏபி-3 என்ற புரதக் கூட்டமைப்பு பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். சேர்ந்தபின் வாக்குவோலின் சவ்விலேயே தங்கிவிடும்.

எனக்கு அதிகம் பிடித்தது எண்டோசோம் பாதை, அங்கேதான் நுணுக்கமான தரம்பிரிப்பு நடக்கிறது. சிபிஎஸ் (கார்பாக்சிபெப்டிடேஸ் எஸ்) என்ற நொதிப் புரதத்தைப் பாருங்கள். ஆர்எஸ்பி5 நொதி அதன்மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை முத்திரையாக ஒட்டுகிறது. அந்த முத்திரையைக் கண்டுகொண்ட எஸ்கார்ட் என்ற புரதக் கூட்டமைப்புகள், எண்டோசோமின் உள்நோக்கிக் குழியும் குட்டிக் குமிழிகளுக்குள் அதைத் தள்ளுகின்றன. அப்புறம் எண்டோசோம் வாக்குவோலோடு இணையும்போது, குமிழியோடு சிபிஎஸ் உள்ளே போய்விடும். எஸ்கார்ட் பழுதானால் சிபிஎஸ் உள்ளே நுழையாமல் வெளிச்சவ்விலேயே நிற்கும்.

சரி, ஒரு பாதை அடைபட்டால்? குமிழிகள் எண்டோசோமோடு இணையத் தேவையான பெப்12 புரதம் இல்லாத ஈஸ்ட்டில் எண்டோசோம் பாதை முடங்கினாலும் ஏஎல்பி போய்ச் சேர்கிறது. ஏபி-3 இல்லாவிட்டாலும் எண்டோசோம் வழியே தாமதமாகவாவது சேர்ந்துவிடுகிறது.