ஏரியா பிரிக்கிற மேப்பும் நம்மட ஆறும் - ஒண்டரை வருசம் பாவிச்ச கதை

நேத்து செங்கலடியில இருந்து கூட்டாளி ஒருத்தன் கோல் எடுத்தான், "மச்சான் நீ அந்த டெலிவரி ஏரியா பிரிக்கிற சொஃப்ட்வெயார் பாவிக்காய்தானே, விலை குறைச்சிருக்கானாம், எடுக்கட்டா" எண்டு. பதில் சொல்லப்போய் கத்தினதுதான் மிச்சம், அதான் ஆறுதலா இஞ்ச எழுதுறன். பேர் சொல்லல்ல, கேட்டவனுக்குத் தெரியும்.

நம்மட தொழில் முட்டை. மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியில ஸ்டோர், ஒரு பட்டா (சின்ன லொறி), ஒரு ஆட்டோ, ஆத்துக்குக் கிழக்கால எழுவான்கரை, மேற்கால படுவான்கரை, ரெண்டு பக்கமும் கடைகள். முதல்ல எல்லாரையும் போல வட்டம்தான் போட்டன், ஸ்டோர்ல புள்ளிய வச்சு எட்டு கிலோமீட்டர் எண்டா அழகா ஒரு வட்டம் வரும், மண்டூரும் அதுக்குள்ள வந்திரும். காகத்துக்குச் சரி. பட்டா பட்டிருப்புப் பாலத்தால ஏறி போரதீவு வெல்லாவெளி எல்லாம் சுத்தித்தானே போகணும்.

வட்டம் சரிவராது எண்டு மறுகா ஓட்ட நேரத்துக்கு மாத்தினன். அரை மணித்தியாலத்தில ரோட்டால எங்க எங்க போகலாமோ அத மட்டும் நிறம் அடிச்சுக் காட்டும், கணவாய் கால் நீட்டின மாதிரி ஒரு உருவம். சும்மா சொல்லக்கூடா, இது அருமையான சாமான். எந்தக் கடை ஆட்டோவுக்கு, எது பட்டாவுக்கு எண்டு ரெண்டு றைவரும் காலங்காத்தால பிடிக்கிற சண்டை அதோட நிண்டுது.

ஆனா துறை. குருமண்வெளியில இருந்து மண்டூருக்குப் படகு ஓடுதுதானே, அதையும் ரோட்டுக் கணக்கில எடுத்துப்போட்டு நேரே ஆத்துக்கு மேலால நிறம் அடிக்குது. படகுக்குக் காத்துக்கொண்டு நிக்கிற நேரம் கணக்கிலயே இல்ல. நம்மட ஆக்கள் அந்தப் படகுக்கே பாதை எண்டுதான் சொல்றது, இதுக்கும் ஆரோ அப்பிடிச் சொல்லிக் குடுத்திட்டாங்க போல. புதுசா வந்த பொடியன் ஒருநாள் அறுபது தட்டு முட்டையோட துறையடியில நிண்டு கோல் எடுக்கான், "அண்ணன், ரோட்டு முடிஞ்சிற்று, முன்னால தண்ணிதான் கிடக்கு, இது இன்னும் நேரே போ எண்டுது". கிறுகி வா மனே எண்டன், வேற என்னத்தச் சொல்ல. முட்டையோட என்ட வண்டிய பாதையில ஏத்த நான் விடமாட்டன்.

படகு வேணாம் எண்டு ஒரு டிக் இருக்கு, இல்ல எண்டு சொல்லல்ல. அதப் போட்டா ஏரியா ஆத்தங்கரையோட வெட்டுப்பட்டு வடிவா நிக்கும். விசர் என்னெண்டா புது ஏரியா ஒண்டு கீற அந்த டிக் தானாக் கழண்டிரும். ஒவ்வொரு தடவையும். ஒண்டரை வருசமா. ரெண்டு மெயில் போட்டன், கவனத்தில எடுக்கிறம் எண்டு பதில் வந்திச்சு, எடுத்த கவனத்த இன்னும் காணல்ல. மண்முனையில 2014ல பாலம் வந்தாப்பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் இந்தக் கரைச்சல் இல்ல, அதுக்கு முதல் அங்கயும் பாதைதான், அந்தக் காலத்தில இது என் கைக்கு வந்திருந்தா லெப்டொப்ப ஆத்துக்குள்ள எறிஞ்சிருப்பன்.

மாரியில மட்டும் இதக் கும்பிடணும் போல இருக்கும். வெல்லாவெளி மண்டூர் ரோட்டில தண்ணி பாஞ்சா, அந்த இடத்தில விரலால ஒரு சிவப்புப் பெட்டி கீறிவிட்டாச் சரி, அதால போகாம வேற எதால எந்தெந்தக் கடைக்குப் போகலாம் எண்டு டக்கெண்டு மாத்திக் காட்டும். போன மார்கழியில ஒரு கடையும் முட்டை வரல்ல எண்டு ஏசல்ல. பின்னேரத்தில யானை இறங்குற ரோட்டுக்கும் இப்ப அதே பெட்டிதான், அஞ்சு மணிக்குப் பிறகு ஆரும் அங்கால இல்ல.

ஆனா 40ம் கொலனி எண்டு நம்மட பக்கத்து ஊர்ப் பேர அடிச்சா இன்னும் நாப்பதாம் நம்பர் வீட்டத்தான் தேடுது. எங்கயோ கொழும்புப் பக்கம் கொண்டு போய்க் குத்துது.

எடுக்காத மச்சான். நான் இந்த மாசமும் கட்டினன்தான், அது என்ட பட்டாவும் என்ட ரெண்டு றைவரும் படுத்துற பாடு. உனக்கும் அங்க சந்திவெளி திகிலிவெட்டைத் துறை இருக்கு, சொல்வழி கேக்காம எடுத்தாயெண்டா கீற முதல் டிக்கப் பாரு, கீறி முடிஞ்சும் பாரு.