மூக்குக் கண்ணாடிக்குக் கெட்டிப் பெட்டியா, துணி உறையா?

மும்பையில் செம்பூரில் ஏறி சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை லோக்கல் ரயிலில் நசுங்கிப் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு.

நெரிசல்: பெட்டி தாங்கும். உறை தாங்காது, பக்கத்து ஆள் முழங்கை அழுத்தினால் ஃபிரேம் வளைந்துவிடும்.

கீறல்: சாவி, சில்லறையிலிருந்து இரண்டுமே காக்கும். ஆனால் உறைக்குள் மணல், தூசி சேர்ந்தால் அதுவே பிளாஸ்டிக் லென்ஸைக் கீறும். அடிக்கடி துவைக்க வேண்டும். அப்புறம், துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள். அது படிந்து, துடைக்கும்போது லென்ஸ் மங்கும்.

இடம்: சட்டைப் பாக்கெட்டில் பெட்டி துருத்தும், குனிந்தால் விழும். உறை அடங்கிவிடும்.

விலை: பெரும்பாலும் கண்ணாடியோடு பெட்டி சும்மாவே வரும்.

ரயிலில் போகிறவருக்குப் பெட்டிதான், அதுவும் பேன்ட் முன் பாக்கெட்டில். பின் பாக்கெட் எதற்கும் ஆகாது. ஆபீஸுக்குள் எடுத்து எடுத்துப் போடுகிறவருக்கு உறை போதும்.