பெட்டியில் இரண்டு இதழுக்குத்தான் இடம்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் மார்கழி லீவுக்கு இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டனுக்கு வருகிறார். "பெட்டியில ரெண்டு புத்தகத்துக்கு இடம் இருக்கு, எது வேணும்னு சொல்லுங்க" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். ஆண் உடலைக் கலையாகப் பார்க்கும் குயர் அச்சு இதழ்களைத்தான் சொல்கிறார். நாங்கள் நாலு பேர், நாலு பேருமே தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவருடைய அறையில் கூடிப் படம் பார்ப்போம், வாசிப்போம். நான் கமரா பிடிக்கிறவன். கலியாணமும் சடங்கும் என் பிழைப்பு. எந்த இரண்டைக் கேட்பது என்று பேசியே மூன்று ஞாயிறு போய்விட்டது. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தபாலில் எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். தன்பால் உறவைக் குற்றமாக்கும் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இங்கே இன்னும் நீக்கப்படவில்லை. 365அ முதலில் ஆண்களை மட்டுமே குறித்தது; 1995-இல் திருத்தியபோது பெண்களையும் அதற்குள் இழுத்துக்கொண்டார்கள். இதை மாற்றக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் சட்டம் அப்படியே கிடக்கிறது. அது போதாதென்று 1927-இன் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் வேறு. எல்லாவற்றுக்கும் மேல், தோட்டத்துக்கு வரும் தபால் பல இடங்களில் தோட்ட ஆபீஸுக்குப் போய்த்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வரும். பொதி பிரிபட்டால் யார் பதில் சொல்வது? அதனால்தான் பெட்டி.

எங்களில் மூன்று பேர் முதலில் சொன்ன பெயர் ‘பட்’. 2001-இல் ஆம்ஸ்டர்டாமில் கெர்ட் யோங்கர்ஸ், யொப் வான் பென்னகொம் என்ற இருவர் தொடங்கிய இதழ். ரோஸ் நிறத் தாள், கைக்கு அடக்கமான அளவு. முதல் இதழிலேயே வொல்ஃப்காங் டில்மன்ஸ் எடுத்த படங்கள் வந்தன. அதுவரை இந்த வகை இதழ்களில் பளபளக்கும் உடம்புகள்தான் அதிகம். ‘பட்’டில் மயிர் அடர்ந்த நெஞ்சையும் சரிந்த தொப்பையையும் கண்டபோது எனக்கு மூச்சு விட்டதுபோல் இருந்தது. பேட்டிகளும் அப்படித்தான். பேசியதைப் பேசியபடியே போடுவார்கள், மெழுகிப் பூசுவதில்லை. 2011-இல் அச்சை நிறுத்தி, 2022-இல் பொட்டேகா வெனெட்டா என்ற இத்தாலிய ஆடை நிறுவனத்தின் துணையோடு மறுபடி வந்தது. பழைய இதழ்களின் வறுமை எனக்குப் பிடிக்கும். புதியது கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளையாகத் தெரிகிறது.

ஆனால் ஒரு குறை. அதைக் கண்டுபிடிக்க நானே ஒரு பரீட்சை செய்தேன். கூட்டத்தில் ஒருவரின் முதுகை ஜன்னல் வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, புத்தகக் கடையில் ரோஸ் தாள் வாங்கி அச்சடித்தேன். அவர் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். முதுகில் சுமக்கும் மருந்து டாங்கியின் வார் இரண்டு தோளிலும் பட்டையாகத் தடம் பதித்திருக்கும், அந்த இடத்துத் தோல் மற்ற இடத்தைவிட ஒரு பங்கு கறுப்பாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். வெள்ளைத் தாளில் அந்தத் தடம் தெளிவாக நின்றது. ரோஸ் தாளில் தோளும் தடமும் நிழலும் ஒன்றாக மங்கிப்போயின. வெளுத்த தோலுக்கு ரோஸ் தாள் சூடு கொடுக்கிறது. எங்கள் நிறத்தில் உள்ள நுணுக்கத்தை அது விழுங்கிவிடுகிறது. தாளைத் தெரிவு செய்வதும் யாருடைய உடலைக் காட்டப்போகிறோம் என்பதைப் பொறுத்ததுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

வயதில் மூத்தவர் ‘ஃபிசீக் பிக்டோரியல்’ வேண்டும் என்றார். லொஸ் ஏஞ்சலிஸில் பொப் மைசர் 1945-இல் ஒரு படப்பிடிப்பு நிலையம் ஆரம்பித்து, 1951-இலிருந்து 1990 வரை நடத்திய சின்ன இதழ் அது. தேகப்பயிற்சி இதழ் என்று பெயர் சொல்லிக்கொண்டது. ஆரம்ப காலத்தில் முழு நிர்வாணம் அச்சில் வரக் கூடாது என்பதால் பையன்கள் இடுப்பில் ஒரு துண்டுத் துணி கட்டியிருப்பார்கள். பார்த்தவுடன் எங்கள் பாட்டன்மார் கட்டிய கோவணம்தான் ஞாபகம் வரும். டொம் ஒஃப் ஃபின்லண்ட் என்று பின்னால் உலகம் அறிந்த ஓவியரை 1957-இல் அட்டையில் போட்டதும் இந்த இதழ்தான். இந்த வகை இதழ்களைத் தபாலில் அனுப்பலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-இல் தீர்த்தது. பெண் நிர்வாணப் படங்கள் தாங்கிய இதழ்களைவிட இவை மோசமில்லை, ஆகவே தடுக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மூத்தவருக்கு இந்தக் கதைதான் பெரிது. "நம்ம மாதிரி பயந்துக்கிட்டே அச்சடிச்ச ஆளுங்க தம்பி" என்றார். அவர் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் படங்களில் ஒரே அச்சில் வார்த்த உடம்புதான் திரும்பத் திரும்ப வருகிறது. மீள்பதிப்பைக் கணினியில் பார்த்தால் போதும், பெட்டியில் இடம் கொடுக்கமாட்டேன்.

‘பின்அப்ஸ்’ நியூயோர்க்கைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷுல்ஸுடையது. பக்கங்களைக் கழற்றித் தரையில் வரிசையாக அடுக்கினால் முழு இதழும் ஒரே பெரிய படமாகும். அருமையான யோசனை. ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் வாழ்கிறவன் அதை எங்கே விரிப்பான், கதவு தட்டினால் எப்படிச் சுருட்டுவான்?

நான் சண்டை பிடித்தது ‘எல்ஸ்கா’வுக்காக. லியம் காம்பெல் என்பவர் தொடங்கியது. 2015-இல் முதல் இதழ் உக்ரைனின் லிவிவ் நகரில். பிறகு ஒவ்வொரு இதழுக்கும் ஒரு நகரம், மும்பாயும் அதில் உண்டு. போய் இறங்கிய ஊரின் சாதாரண ஆண்களை அவர்களுடைய தெருவிலும் வீட்டிலும் படம் எடுப்பார். உடுத்திக்கொண்டோ உடையில்லாமலோ, அது அவரவர் விருப்பம். அந்த ஆண்கள் தங்கள் கதையையும் தாங்களே எழுதுவார்கள். எல்ஸ்கா என்றால் ஐஸ்லாந்து மொழியில் ‘நேசி’ என்று பொருள். படங்களில் பெரிய கலைநுட்பம் இல்லை என்று நண்பர்கள் குறை சொன்னார்கள். வாஸ்தவம்தான். பல படங்கள் குடும்ப அல்பத்துப் படம் போலவே இருக்கும். ஆனால் உடம்புக்குச் சொந்தக்காரன் அந்தப் பக்கத்தில் பேசுகிறான்.

அது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று சொல்ல, நம் நாட்டு முன்னோடி ஒருவரிடம் போக வேண்டும். லயனல் வென்ட், 1900-இல் கொழும்பில் பிறந்து 1944-இல் மறைந்தவர், பியானோ வாசித்தவர், ’43 குழு என்ற ஓவியர் கூட்டத்தின் உயிர்நாடி. இந்த மண்ணின் ஆண் உடலை அவரைப்போல் ஒளியால் வருடியவர் வேறு யாரும் இல்லை. அவர் படங்களில் நம் தோலின் எண்ணெய்ப் பளபளப்பு அப்படியே நிற்கும். எந்த வெளிநாட்டு இதழிலும் நான் அதைக் கண்டதில்லை. குயர் புகைப்படக்கலை பற்றிப் பேசுகிறவர்கள் இன்று அவரைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. ஆனால் அவர் படங்களில் நிற்கும் இளைஞர்கள் பலரின் பெயர் நமக்குக் கிடைப்பதில்லை. பார்த்தவர் கொழும்பின் வசதியான மனிதர், பார்க்கப்பட்டவர்கள் உழைப்பாளிகள். நான் அவரைக் குருவாக வைத்திருப்பவன். அதனால்தான் இது உறுத்துகிறது. இருநூறு வருஷமாக நம் தோட்டத்து ஆட்களின் உடம்பை வெளியார்தான் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள், எத்தனை கிலோ, எத்தனை பேர் என்று.

எல்ஸ்காவின் வழியை அப்படியே எடுத்தாலும் இங்கே ஒரு இடத்தில் முட்டும். முகம். மும்பாயில் ஒருவர் முகம் காட்டிவிட்டுக் கூட்டத்தில் கரைந்துவிட முடியும். பொகவந்தலாவைத் தோட்டங்களில் முடியாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஒருவனைத் தெரிந்தால் டிவிஷன் முழுக்கத் தெரியும். வங்கதேசத்தில் 2014-இல் ‘ரூப்பான்’ என்ற இதழ் வெளிவந்தது, அந்த நாட்டில் இவ்வகையில் முதல் இதழ். அதைத் தொடங்கிய சுல்ஹாஸ் மன்னான் 2016 ஏப்ரலில் தன் வீட்டிலேயே நண்பரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். இதை நினைக்காமல் நாங்கள் இந்தப் பேச்சைப் பேசியதில்லை.

வயதில் இளையவர் இங்கேதான் குறுக்கே வந்தார். அவருக்குப் பிடித்தது ‘ஜே.டி.ஸ்’. 1985-இல் டொரொண்டோவில் ஜி.பி. ஜோன்ஸும் புரூஸ் லாபுரூஸும் போட்டோ கொப்பி இயந்திரத்தில் அடித்த இதழ். கத்தரித்து ஒட்டி, கொப்பி எடுத்து, ஊசி அடித்துக் கையால் கொடுப்பது. அதை வாங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை, செய்யலாம் என்பதுதான் அவர் வாதம். கொப்பி எடுக்கிற கொமினிகேஷன் கடைக்காரர் பார்ப்பாரே என்றேன். "பழைய பிரிண்டர் ஒண்ணு வாங்கிருவோம் அண்ணே" என்றார். 2024 வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக இருந்தது. விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்தால் ஒரு வெளிநாட்டு இதழுக்குப் பல நாள் கூலி போகும். அந்தக் கணக்குக்கு முன்னால் என்னிடம் எதிர்வாதம் இல்லை.

மும்பாயில் 1990-இல் அசோக் ராவ் கவி தொடங்கிய ‘பொம்பே தோஸ்த்’ பற்றியும் பேசினோம். மதிப்புக்குரியது. ஆனால் அது தகவலுக்கும் துணைக்கும் வந்த இதழ், படத்துக்கு வந்ததல்ல. அதனால் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

தாளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை, இது இந்த மலையில் இருப்பவர்களுக்கு மட்டும். வழுவழுப்புத் தாள் மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். என்னிடம் இருந்த ஒரு கலை இதழைப் பிரித்தபோது ஒரு மனிதரின் முகம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து போனது. பூச்சில்லாத தாள் ஊறும், பூஞ்சணம் பிடிக்கும், ஆனால் அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் ஒரு வாரம் வைத்தால் மீண்டுவிடும். ‘பட்’ அந்த வகைத் தாள். ஞாயிறு பத்திரிகைக்குள் மடித்து வைத்தால் வெளியே தெரியாத அளவும்கூட.

ஆகவே நண்பருக்கு எழுதிவிட்டேன்: பழைய ‘பட்’ ஒன்று, ‘எல்ஸ்கா’வின் மும்பாய் இதழ் கிடைத்தால் அது ஒன்று. பிரிண்டருக்குக் காசு தனியாகச் சேர்க்கிறோம்.

முதலில் எதைப் படம் எடுப்பது என்பதும் முடிவாகிவிட்டது. மாசியில் காமன் கூத்து. ரதி வேஷம் கட்டுகிற ஆண் மீசையை மழித்து, அரிதாரம் பூசி, கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரம். சுற்றி நிற்கும் ஆண்கள் அவனுக்குச் சேலை மடிப்புப் பிடித்துவிடுவார்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். அரிதாரம் பூசிய முகத்தை அச்சில் போடலாம், ஆள் யாரென்றும் வெளியே தெரியாது.

மருந்தடிக்கிற நண்பரின் முதுகுப் படமும் வரும், வெள்ளைத் தாளில். பெயர் போடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தோளைத் தடவிக்கொண்டே இருந்தார். கொழுந்து நிறை குறைந்தால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதானே போடுவார்கள். "முழுப் பேர் வேணாம் அண்ணே. முதல் எழுத்த மட்டும் போடுங்க, அரைப் பேர்னு வச்சுக்கலாம். கதைய நானே எழுதித் தாறேன்" என்றார். போன கிழமை கொப்பித் தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறதாம்.